ஜனவரியில் நீ சொன்னது

எம்.கே.பி. நகர்,
வியாசர்பாடி, சென்னை.
3 மார்ச் 2024

அன்புத் தங்கை பவானிக்கு அண்ணன் கோதண்டம் எழுதுவது. ஜெய்பீம்.

இங்கே நானும் உன் அண்ணி ராஜாத்தியும் சுகமாக இருக்கிறோம். நாக்பூரில் நீ, மாப்பிள்ளை செங்குட்டுவன், மருமகள் மதி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் உடம்பு எப்படி இருக்கிறது?

அண்ணன் என்ன திடீரென்று கடிதம் போடுகிறான் என்று பார்ப்பாய். இனிமேல் ஃபோன் வேண்டாம், பவானி. காதில் வைத்தால் தலையை வலிக்கிறது. அதுவுமில்லாமல் ஃபோனில் பேசுவது காற்றோடு போய்விடுகிறது. கடிதம் என்றால் வேண்டும்போது எடுத்துத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். போஸ்ட் ஆபீஸில் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். அங்கிருந்த பெண், இன்னும் இதை வாங்க ஓர் ஆள் இருக்கிறானா என்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. நம் பாக்ஸிங் கிளப்பில் போட்டிகளுக்கு நேரம் பார்த்து பெல் அடித்துக்கொண்டிருந்தேன் அல்லவா, அதை விட்டுவிட்டேன். ரிங்குக்குள் ரெஃபரி ஒன்று சொல்ல, நான் ஒன்று செய்ய, வீண் சச்சரவு. வயதானவன் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை.

ராஜாத்தி என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பேனாம், இப்போது எது சொன்னாலும் சரி சரி என்று போகிறேனாம். ரிட்டயர் ஆனதும் மனுஷன் பக்குவப்பட்டுவிட்டான் என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
கோதண்டம்


நாக்பூர்,
21 மார்ச் 2024

அண்ணனுக்கு பவானி. ஜெய்பீம்.

உங்கள் கடிதம் வந்தது. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும். இங்கே மதிக்குப் பரீட்சை நடக்கிறது. அவள் அப்பா ரயில் டியூட்டியில் பல்ஹார்ஷா போயிருக்கிறார்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஜனவரியில் ஃபோனில் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? அப்போது மதி அப்பாவே உங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன்.

வலது கையைத் தூக்கி எழுதச் சிரமமாக இருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

பவானி


எம்.கே.பி. நகர்,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள பவானிக்கு, ஜெய்பீம். நாங்கள் நலம், அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். என்னை எப்போதும் நீ, வா, போ என்றுதான் பேசுவாய். இதில் ‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். நாக்பூர் மரியாதையா?

ஜனவரியில் நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதற்குப் போய் அலட்டிக்கொள்ளாதே. கை வலிக்கு ராத்திரி நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு படு.

என்னோடு சேர்ந்து பாக்ஸிங் ஆடிய வால்டரை உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியைத் தனி ஆளாகக் கவனித்துக்கொண்டானே, அவன்தான். கொஞ்ச நாளாகவே ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தவன், போன வாரம் வீட்டைவிட்டுப் போய்விட்டான். பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் யாரோ பார்த்து உட்காரவைத்திருக்கிறார்கள். போய்க் கூட்டிவந்தோம். என்னை யார் என்று கேட்டான். தலையில் வாங்கிய குத்தெல்லாம் இத்தனை வருஷம் கழித்து வேலையைக் காட்டுகிறது என்று டாக்டர் சொன்னாராம். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் வாங்கிய அதே அளவு நானும் வாங்கியிருக்கிறேன்.

சரி, அதை விடு. மதி நன்றாக எழுதியிருப்பாள். என் ஆசிகளைச் சொல்.

கோதண்டம்


எம்.கே.பி. நகர்,
15 ஏப்ரல் 2024

அன்பு நாத்தி பவானிக்கு அண்ணி ராஜாத்தி எழுதிக்கொள்வது. நீங்கள் எல்லோரும் நலம்தானே?

இந்தக் கடிதம் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. ஃபோனில் சொல்லலாம் என்றால், நம் ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் நூறு ஆயுசு என்பார்கள். இது அப்படி வெளியே போகவேண்டிய சமாச்சாரம் இல்லை.

அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது, பவானி. போன வாரம் ரவை வாங்கிவரச் சொன்னேன். கால் கிலோ அவரைக்காயோடு வந்து நிற்கிறார்.

“இன்னாயா இது? ரவைதானே சொன்னேன்?” என்றேன்.

“நீ அவரைன்னுதான் சொன்ன” என்று என்னையே மடக்கினார்.

மிளகு கேட்டால் மெழுகுவத்தி வருகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். அப்புறம் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து, கம்மென்று எழுந்து போய்விடுகிறார். பெல் அடிக்கும் வேலையை அவராக விடவில்லை. ரெஃபரி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னபோது பெல் அடிக்காமல் விட்டு, ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மூக்கில் அடிபட்டுவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “ராஜாத்தி, வால்டரு மாரி எனுக்கும் ஆரம்பிச்சிருச்சி போல கீது” என்றார். அவ்வளவுதான். மறுபடி அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை.

நேற்று பாபாசாகேப் பிறந்த நாள். தெரு முழுக்க நீலக் கொடி. ஸ்பீக்கர் அலறுகிறது, அவர் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

சமுதாய நலக்கூடத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து இறங்கியிருக்கிறது. அறுபது வயது தாண்டியவர்கள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் மறதி தள்ளிப்போகுமா என்று பார்க்கிறார்களாம். முதலில் மூளைக்குப் பரீட்சை வைப்பார்களாம். இவரை எப்படிக் கூட்டிப்போவது? நான் சொன்னால் கேட்க மாட்டார்.

ஜனவரிக்குப் பிறகு நீ என்னோடும் பேசவில்லை. என் மேல் ஏதாவது வருத்தமா?

அண்ணி ராஜாத்தி


நாக்பூர்,
4 மே 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உன் மேல் எனக்கு என்ன வருத்தம்? அப்படி நினைக்காதே. நான் நன்றாக இருக்கிறேன். காலையில் தினமும் ஓர் இடத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது, வந்தால் அலுப்பாகப் படுத்துவிடுகிறேன். அதுதான் பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரியும் இருந்தது, நெஞ்சில் கல்லைப் போட்ட மாதிரியும் இருந்தது. அண்ணனிடம் நான் ஒரு செய்தி சொல்லியிருந்தேன். நினைவிருக்கிறது என்று எழுதினார். இப்போது பார்த்தால் அது அவர் நினைவில் இருந்திருக்காது என்று தோன்றுகிறது. அது என்ன என்று நீ அவரிடம் கேட்க வேண்டாம். கேட்டு அவர் திணறுவதைவிட, மறந்ததாகவே இருக்கட்டும்.

அவரை அந்தப் பரீட்சைக்கு எப்படியாவது கூட்டிப்போ. எனக்காக என்று சொல். பவானி கெஞ்சினாள் என்று சொல். ஒருவேளை வால்டர் அண்ணனுக்கு வந்ததுதான் என்றாலும், தெரிந்துகொண்டால் பார்த்துக்கொள்ளலாம். தெரியாமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பவானி


எம்.கே.பி. நகர்,
16 ஜூன் 2024

அருமைத் தங்கை பவானிக்கு உன் அண்ணன் கோதண்டத்தின் ஜெய்பீம்! நாங்கள் இரண்டு பேரும் ரொம்பவும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

ராஜாத்தி உனக்குக் கடிதம் போட்டதைச் சொல்லிவிட்டாள். நீ கெஞ்சியதாகச் சொன்னதால்தான் அந்தப் பரீட்சைக்குப் போனேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நவ்ரீன் என்று ஒரு பெண். ராயபுரத்துக்காரி. மனித மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் அவள் படிப்பு. ஒரு டேப்லட்டை என் முன்னால் வைத்து, “ஐயா, இதுல சில வார்த்தைங்க வரும். கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லுங்க” என்றாள். அது பேசியது. நான் திருப்பிச் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஆட்டம் முடிந்துவிட்டது, நானும் வால்டர்தான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னாள். ராஜாத்திதான் இழுத்துக்கொண்டு போனாள். நவ்ரீன் என்னை உட்காரவைத்து, “ஐயா, டேப்லட் பாலம்னு சொல்லிச்சு. நீங்க காலம்னு சொன்னீங்க. தட்டுன்னு சொன்னதுக்குக் கட்டு. மணலுக்கு அனல். மறதி இருக்கிறவங்க வார்த்தையே வராம நிப்பாங்க, இல்லன்னா சம்பந்தமில்லாததைச் சொல்வாங்க. நீங்க சொன்னது ஒண்ணுகூட விடாம ஒரே மாதிரி ஓசை. ராத்திரியெல்லாம் யோசிச்சேன்” என்றாள்.

பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். சும்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்துவிட்டு, “நான் இப்ப என்ன சொன்னேன்?” என்றாள்.

“நீ எங்கம்மா சொன்ன? வாய மூடிக்கினு கம்முனுதானே இருந்த?”

பக்கத்தில் இருந்த ராஜாத்தி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “இன்னாயா சொல்ற? உன் பேரு இன்னா, எத்தினி பசங்கன்னு கேட்டுச்சே அந்தப் பொண்ணு. எனுக்குக் கேட்டுச்சே!”



நவ்ரீன் எழுந்து போய்ப் புதிதாக வார்த்தைகளைப் போர்டில் பெரிதாக எழுதினாள். படிக்கச் சொல்லிவிட்டு அழித்தாள். அப்புறம் படம் காட்டினாள், கணக்குப் போட வைத்தாள், டீ வாங்கிக் கொடுத்தாள். டீ குடித்து முடித்ததும் போர்டில் இருந்ததைச் சொல்லச் சொன்னாள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். நான் மணலி ஆலையில் கம்ப்ரசர் ஹவுஸில் வேலை பார்த்தது எத்தனை வருஷம்! காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போவோம், வேறு என்ன இருந்தது அப்போது? அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டிருக்கிறது. வயதும் சேர்ந்துகொண்டது. குரல் வருகிறதாம், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் காட்டுகிற மெல்லிய ஒலிகள் வருவதில்லையாம். எதிரில் இருப்பவர்களின் வாயசைவைப் பார்த்துப் பாதியும், ஊகித்துப் பாதியும் ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். ஃபோனில் வாய் தெரியாது. பின்பக்கமிருந்து ராஜாத்தி கத்தும்போதும் தெரியாது. ஸ்கேனும் எடுத்தார்கள். டாக்டர் என் முகத்துக்கு நேராக வந்து நிதானமாகச் சொன்னார்: “மூளை நல்லா இருக்கு. காதுதான் போச்சு.”

காது போச்சு என்று டாக்டர் சொல்கிறார், நானும் ராஜாத்தியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறோம். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எங்களுக்கு வேறு வியாதி என்று நினைத்திருப்பார்கள்.

மறதி இனி வராது என்று சத்தியம் பண்ண முடியாது என்றும் டாக்டர் சொன்னார். காது கேட்காமல் ஒதுங்கி உட்கார்ந்தால் அதுவே மூளைக்குக் கேடாம். காது மிஷின் கட்டாயம் போடச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. காது கேட்காதவர்களை அந்த ஆராய்ச்சியில் சேர்க்கக்கூடாதாம், என்னை நீக்கிவிட்டார்கள். எதிலிருந்தும் நீக்கப்பட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எனக்குப் பதிலாக உன் அண்ணியைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்குக் கீபோர்டு வாசிக்கக் கற்றுத்தருகிறார்கள்.

உன் அண்ணன்,
கோதண்டம்


நாக்பூர்,
2 ஜூலை 2024

என் அண்ணனுக்கு பவானி. ஜெய்பீம்.

உன் கடிதத்தை நான் படித்து, மதி சத்தமாகப் படித்து, அவள் அப்பா டியூட்டியிலிருந்து வந்ததும் அவரும் ஒரு தடவை படித்தார். தெருமுனையில் ஜிலேபி வாங்கிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். எங்கள் அண்ணனுக்குக் காது கேட்காது என்று சொன்னேன்!

ஒதுங்கிப் போகாதே அண்ணா. மிஷினைப் போட்டுக்கொள். அண்ணியின் கீபோர்டையும் கேள்.

எனக்கு இப்போது தினமும் காலையில் போகிற வேலை முடிந்துவிட்டது. நன்றாகத் தூங்குகிறேன்.

உன் தங்கை,
பவானி


எம்.கே.பி. நகர்,
25 ஆகஸ்ட் 2024

அன்பு பவானிக்கு, இங்கே மழை ஆரம்பித்திருக்கிறது. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோரையும் விசாரிக்கிறேன்.

காது மிஷின் வந்துவிட்டது. வந்த அன்று அதைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். ஃபேன் சுற்றுவது, தட்டில் கரண்டி படுவது, பிளாஸ்டிக் கவரைப் பிரிப்பது எல்லாம் மண்டைக்குள் வந்து குத்துகிறது. மனிதர் பேச்சு மட்டும் தகர டப்பாவில் பேசுவது போல வருகிறது. ஒரு வாரத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

நவ்ரீன் வீட்டுக்கே வந்துவிட்டாள். “மிஷின் காதுக்குத்தான் ஐயா. கேட்கிறது மூளை. இத்தனை வருஷமா அந்தச் சத்தமெல்லாம் வராம அதுக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. குழந்தைக்குப் பேச்சு பழக்குற மாதிரி திரும்பப் பழக்கணும். மூணு மாசமாவது ஆகும். ரிங்குல முதல் ரவுண்டுலயே இறங்கிடுவீங்களா?” என்றாள். அந்தக் கடைசிக் கேள்வியை யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

தினமும் காலையில் ராஜாத்தி எனக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள். நான் இன்னொரு பேப்பரில் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம் பேப்பரை மூடிவிட்டுக் கேட்க வேண்டும். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒருநாள், நான் பார்க்காதபோது, சமையலறையிலிருந்து ராஜாத்தி, “இந்த ஆளுக்கு இன்னிக்கு ரசத்தோட நிறுத்திட வேண்டியதுதான்” என்று தனக்குள் சொன்னாள்.

“இன்னாத்துக்கு? குழம்பு வெச்சா இன்னா?” என்று இங்கிருந்தே கேட்டேன்.

கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். அப்படியே நின்று பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் நாங்கள் பழையபடி தினமும் சண்டை போடுகிறோம். நான் பக்குவப்பட்ட கதையெல்லாம் முடிந்தது.

இனிமேல் சேர்பவர்களுக்கு முதலில் காதைச் சோதித்துவிட்டுத்தான் ஞாபகப் பரீட்சை வைக்க வேண்டும் என்று அந்தக் குழு முறையையே மாற்றிவிட்டது. எங்கள் பிளாக்கில் இன்னும் சிலருக்கு மறதி என்று நினைத்தது மறதி இல்லை என்று தெரிந்திருக்கிறது.

வால்டரைப் போய்ப் பார்த்துவந்தேன். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அவனுக்கு நிஜமாகவே அந்த வியாதிதான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட எனக்குக் கூச்சமாக இருந்தது. வாரம் ஒருநாள் போவதாக அவன் மகள் வினிதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஏப்ரலில், நீ ஜனவரியில் சொன்னது நினைவிருக்கிறது என்று எழுதினேன். பொய். மறந்துபோய்விட்டேன் என்று பயந்து அப்படி எழுதினேன். இப்போதுதான் புரிகிறது, நான் மறக்கவே இல்லை. நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? நான் என்ன பதில் சொன்னேன்? ஃபோனை வைக்க வேண்டும் என்பதற்காக எதையாவது உளறியிருப்பேன். தயவுசெய்து எழுது.

உன் அண்ணன்,
கோதண்டம்


நாக்பூர்,
4 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் படித்துக்கொள், மனதில் வாங்கிக்கொள், அப்புறம் மேலே படி.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மதி, “மாமா கேட்டதுக்குப் பதில் சொல்லலன்னா நீயும் காது கேக்காதவ மாதிரிதாம்மா” என்றாள்.

ஜனவரியில் உனக்கு ஃபோன் போட்டுச் சொன்னது இதுதான்: “அண்ணா, மார்புல கட்டி கீதாம். கேன்சர்னு சொல்ட்டாங்க. மொதல் ஸ்டேஜாம். அடுத்த வாரம் ஆபரேஷன். எனுக்கு பயமா கீது. நீ வர்றியா?”

நீ சொன்னாய்: “அப்டியாம்மா, ரொம்ப சந்தோஷம். எல்லாரும் நல்லா இருங்க. அண்ணி கடைக்குப் போய்கீறா. வெச்சிர்றேன்.”

அம்மா, நைனா போன பிறகு எனக்கு நீதான். என் அண்ணன் வாயிலிருந்தா இது வந்தது என்று மாய்ந்துபோனேன். உன் மருமகளிடமும் மாப்பிள்ளையிடமும், இனி அந்த வீட்டில் யாரையும் கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷன் நடந்தது. கையைத் தூக்க முடியாமல் போனது அதனால்தான். அப்புறம் தினமும் காலையில் ரேடியேஷனுக்குப் போனேன். இப்போது மாத்திரை மட்டும். ஏப்ரலில் தைலம் தேய்க்கச் சொல்லி எழுதினாயே, அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

இதையெல்லாம் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, அண்ணா. உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அழுதேன். ஜனவரியிலிருந்து அந்தக் கட்டியைவிட அந்த ‘சந்தோஷம்’ தான் எனக்கு அதிகமாக வலித்தது. நீ என்னைக் கைவிடவில்லை. உனக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்! இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

இந்த மாதக் கடைசியில் ஒரு பரிசோதனை இருக்கிறது. மறுபடி வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது முடிந்ததும் நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்றுதான் காத்திருந்தேன். அண்ணியிடம் பக்குவமாகச் சொல். அழுதுகொண்டு உட்காராதே.

உன் பவானி


எம்.கே.பி. நகர்,
11 அக்டோபர் 2024

என் கண்ணு பவானிக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதம் இன்று முற்பகல் வந்தது. வாசலில் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு என் கையில் கொடுத்தார். நான் படித்து முடிப்பதற்குள் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“எங்கயா?” என்றேன்.

“நாக்பூருக்கு. எம் பொறப்பு ‘வர்றியா’ன்னு கேட்டுகீது. ஜனவரிலேர்ந்து நின்னுகினு கீது அந்தக் கேள்வி” என்றார்.

ரிசர்வேஷன் இல்லை, ஒன்றும் இல்லை. சென்ட்ரலுக்குப் போய்விட்டார். மிஷினுக்கு பேட்டரி மறந்துவிட்டார் என்று பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தேன். நீ ஸ்டேஷனுக்கு அலையக்கூடாதாம், ஃபோன் பண்ணிச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது அவர் உன் வீட்டில் உட்கார்ந்து உப்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே பவானி. நான் அங்கே வந்து உனக்கு ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பேனே. சரி, இனிமேல் கொடுக்கிறேன். கீபோர்டு வகுப்பு முடிந்ததும் நானும் வருகிறேன். பரிசோதனை முடியும்வரை அவரை அங்கேயே வைத்துக்கொள்.

அண்ணி ராஜாத்தி


நாக்பூர்,
5 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு பவானியின் ஜெய்பீம். அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். மதி கொடுத்தனுப்பிய ஆரஞ்சு பர்ஃபியை அவரே தின்றுவிடாமல் பார்த்துக்கொள். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

பரிசோதனை முடிவை அன்றைக்கே ஃபோனில் சொல்லிவிட்டேன். ஆனால் டாக்டர் அறைக்குள் நடந்ததை அண்ணன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு டியூட்டி மாற்ற முடியவில்லை. மதிக்குக் காலேஜ். அண்ணன்தான் கூட வந்தார். அவர் ஆட்டோவில் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார், ஒன்றும் என் மனதில் ஏறவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் முகத்தில் மாஸ்க். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, வாய்க்குள் பேசுகிற மாதிரி இந்தியில் ஏதோ சொன்னார். வெளியே ஒரே கூச்சல். என் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை, அண்ணி. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து, அந்த மொழியில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை.

அண்ணனைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் கையை ஊன்றி, தலையைச் சாய்த்து, அந்த மாஸ்க்குக்கு நேராகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். முன்பு மாதிரி சரி சரி என்று தலையாட்டவில்லை. மணலியில் கூட வேலை பார்த்த பீகார் பசங்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில், “ஏக் பார் அவுர் போலோ, சாப்” என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். அண்ணன் கேட்டார். அப்புறம் மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னார். டாக்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “சாஃப்ன்றாரு பவானி. எல்லாம் சுத்தமா கீதாம். மறுபடி எதுவும் வர்லியாம்.”

“இன்னாணா? எனுக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு” என்றேன்.

சொன்னார். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னார். படியிறங்கும்போது மறுபடி கேட்டேன், சொன்னார். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை நான் கேட்டுக்கொண்டே வந்தேன், அவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

உன் நாத்தி,
பவானி